கழுத்து நகை வாங்குமுன்: நீளம், வடிவம், பொருள், கட்டுமானம்

நகைக் கடையில் தட்டை முன்னால் வைத்ததும் கண் போவது வேலைப்பாட்டின் மேல். அடுத்து நாம் கேட்பது எத்தனை பவுன் என்று. அது எவ்வளவு நீளம், கழுத்தில் எந்த இடத்தில் வந்து அமரும், பின்புறம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பவை பெரும்பாலும் பில் போடும் நேரத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. லாக்கரிலேயே கிடக்கும் நகைகளில் பல அழகில் குறைந்தவை அல்ல. அணிபவரின் கழுத்துக்கும் ரவிக்கைக்கும் ஒத்துவராத நீளத்தில் செய்யப்பட்டவை. ஆகவே இந்த வழிகாட்டி நீளத்திலிருந்து தொடங்குகிறது. வடிவம், பொருள், கட்டுமானம், விலை ஆகியவை அதன் பின் வருகின்றன. கடையிலும் இதே வரிசையில் முடிவு செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அளவெடுக்கும் முறை

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். இழுத்தால் நீளாத நூல் ஒன்று போதும். பூ கட்டும் நூல் இதற்கு மிகவும் ஏற்றது. கழுத்தின் அடியில், காறை எலும்புகள் சந்திக்கும் குழியை ஒட்டிச் சுற்றி, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு விட்டு, இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் மையால் குறியிட்டு, பிறகு நூலை அளவுகோலின் மேல் வைத்துப் பார்க்கவும். வளர்ந்த பெண்களுக்கு இந்த அளவு பெரும்பாலும் 13 முதல் 15 அங்குலத்துக்குள் வரும். கழுத்தை ஒட்டி அணியும் எந்த நகைக்கும் இதுதான் அடிப்படை அளவு.

அடுத்து, நீண்ட நூலொன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, டாலரோ பதக்கமோ வந்து நிற்க வேண்டிய இடத்தில் நூலைப் பிடித்து அளவெடுக்கவும். எந்த நிகழ்ச்சிக்காக வாங்குகிறீர்களோ அப்போது உடுத்தப்போகும் ரவிக்கையை அணிந்துகொண்டு இதைச் செய்தால்தான் பயன் உண்டு. இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சங்கிலியின் நீளம் 2 அங்குலம் கூடினால், முன்புறம் அது ஏறக்குறைய 1 அங்குலம்தான் கீழே இறங்கும். ஏனெனில் கூடிய நீளம் இரண்டு பக்கமும் பங்கிடப்படுகிறது. "இன்னும் கொஞ்சம் கீழே வர வேண்டும்" என்று 1 அங்குலம் கூட்டச் சொல்பவர்கள், நகை வந்த பிறகு வித்தியாசமே தெரியவில்லை என்று வருந்துவது இதனால்தான்.

மணிகளின் பருமனும் நீளத்தைத் தின்னும். 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணிகளைக் கோத்த மாலையின் நீளம் மணிகளின் நடுவே ஓடும் நூலை வைத்துச் சொல்லப்படுகிறது. கழுத்தைத் தொடுவதோ மணிகளின் உட்புறம். அந்த உட்சுற்று நூலின் சுற்றைவிட 31 மில்லிமீட்டர் அளவுக்கு, அதாவது ஒன்றேகால் அங்குலம், குறைந்துபோகும். ஆகவே பெரிய முத்து, பவளம், தங்க குண்டுகள் கோத்த மாலைகளுக்கு எடுத்த அளவோடு குறைந்தது 1 அங்குலம் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெல்லிய சங்கிலிக்கு இந்தக் கவலை இல்லை.

எந்த நீளம் எங்கே அமரும்

கழுத்தை இறுக்கமாகத் தழுவும் அட்டிகை 13 முதல் 15 அங்குலம் வரை இருக்கும். யாழ்ப்பாணத்தில் இதை அட்டியல் என்பார்கள். கடைக்காரர்கள் நெக்லஸ் என்று காட்டுபவை 16 முதல் 18 அங்குலத்தில் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். அன்றாடம் டாலர் கோத்து அணியும் சங்கிலிக்கு 18 முதல் 22 அங்குலம் வசதியானது. தாலிச் சங்கிலி 24 அங்குலத்தில் தொடங்கி 30 வரை போகும். ஆரமும் மாலையும் 24 அங்குலத்துக்கு மேல்தான். 30ஐத் தாண்டினால் உயரம் குறைந்தவர்களுக்கு அது இடுப்பை நெருங்கிவிடும்.

இந்த அளவுகள் எல்லாம் கொக்கியைக் கழற்றி நேராக வைத்து அளந்தவை. அட்டிகைகளிலும் நெக்லஸ்களிலும் பின்புறம் கயிறோ வளையங்கள் கொண்ட பின் செயினோ இருந்தால் 2 அல்லது 3 அங்குலம் கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு. முதல் முறையாக வாங்குபவர்களுக்கு நான் பின் செயின் உள்ளதையே பரிந்துரைப்பேன். உடல் எடை மாறலாம், ரவிக்கையின் தையல் மாறலாம், நகை மகளுக்கோ மருமகளுக்கோ போகலாம்; இத்தனைக்கும் அந்த நான்கைந்து வளையங்கள் ஈடுகொடுக்கும்.

ரவிக்கையின் கழுத்தும் நகையின் நீளமும் ஒரே கோட்டில் வந்து முடியக் கூடாது. நகையின் கீழ் விளிம்பு ரவிக்கையின் விளிம்பின் மேல் பாதியும் கீழே பாதியுமாகக் கிடந்தால் இரண்டின் வேலைப்பாடும் கெடும். நகை ஒரு பக்கமாகப் புரண்டுகொண்டே இருக்கும். வெறும் சருமத்தின் மேல் முழுவதுமாக அமர வேண்டும், அல்லது துணியின் மேல் முழுவதுமாக இறங்கிவிட வேண்டும். கழுத்தை மூடிய ரவிக்கைக்கும் போட் நெக்குக்கும் அட்டிகையைத் தவிர்த்து நீண்ட ஆரத்தை அணியலாம். ஆழமான பானைக் கழுத்துக்கும் வட்டக் கழுத்துக்கும் அட்டிகையோ அகன்ற நெக்லஸோ நன்கு பொருந்தும். கழுத்து குட்டையாக இருப்பவர்கள் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அகலமான அட்டிகையை வாங்குமுன் அதை அணிந்தபடியே தலையைக் குனிந்தும் இரு பக்கமும் திருப்பியும் பார்க்க வேண்டும். மோவாயில் இடித்தால், எத்தனை அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

பல வரிசைகளை ஒன்றாக அணியும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி, இதற்கு ஒரு நகைக்கும் அடுத்த நகைக்கும் 3 அல்லது 4 அங்குல நீள வேறுபாடு தேவை. மேலே இருக்கும் நகையின் பதக்கம் பெரிதானால் அந்த அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மணப்பெண்ணுக்கு நகை தேர்ந்தெடுப்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: மாலை மாற்றிய பிறகு பூமாலை மார்பின் பெரும்பகுதியை மூடிவிடும். அப்போது கண்ணுக்குத் தெரிவது கழுத்தை ஒட்டிய அட்டிகையும், மாலைகளின் நடுவே கீழே இறங்கும் ஆரத்தின் பதக்கமும்தான். இடைப்பட்ட நீளத்தில் பெரும் பணத்தைப் போடுவதைவிட, அட்டிகையையும் ஆரத்தையும் நன்றாகத் தேர்ந்தெடுத்து நடுவில் இடம் விட்டுவிடுவது மேல். தாலி ஏறிய பின் அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. தாலிச் சங்கிலியின் நீளத்திலேயே டாலர் செயினும் இருந்தால் இரண்டும் நாள் முழுவதும் சிக்கிக்கொண்டு உராயும்.

வடிவங்களும் அவற்றில் பார்க்க வேண்டியவையும்

காசு மாலையில் ஒவ்வொரு காசும் பக்கத்துக் காசின் மேல் சிறிதே ஏறி அமர்ந்திருக்கும். முன்பு சவரன் நாணயங்களையே கோத்து அணிந்தவர்கள் உண்டு. அந்த நாணயம் 22 காரட் தங்கத்தில் 7.98 கிராம் எடையுள்ளது. நாம் இன்று 8 கிராமை ஒரு பவுன் என்று கணக்கிடுவது அதை ஒட்டித்தான். இப்போதைய காசுகளோ லட்சுமி உருவம் அச்சடித்த மெல்லிய தகடுகள். இவற்றை வாங்கும்போது மாலையைத் தட்டில் பார்ப்பதோடு நிறுத்தாமல் கையில் தூக்கிப் பிடித்து ஒருமுறை லேசாக உலுக்க வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் பின்னால் இரண்டு காதுகள் வைத்துப் பற்றியிருந்தால் அவை திரும்பாமல் நிற்கும். ஒரே காதில் தொங்கினால் காசுகள் புரண்டு முதுகைக் காட்டும், அணிந்தவர் விழா முழுவதும் அவற்றைத் திருப்பிக்கொண்டே இருக்க நேரும்.

மாங்காய் மாலையில் சிவப்புக் கற்கள் பதித்த மாங்காய்கள் கழுத்தின் இருபுறமும் சிறியதாகத் தொடங்கி நடுப்பதக்கத்தை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வரும். மாங்காய்களை இணைக்கும் வளையங்கள் தளர்வாக இருந்தால்தான் மாலை மார்பின் வளைவோடு படியும். விறைப்பாக இணைத்திருந்தால் அது உடலை விட்டு விலகி நிற்கும். பரதநாட்டியத்துக்கு அட்டிகையும் மாங்காய் மாலையும் சேர்த்து அணிவது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை பித்தளை அல்லது செம்பின் மேல் முலாம் பூசிய செட்டுகள். ஆடும்போது நீண்ட மாலை எகிறாமல் இருக்க அதை உடையோடு ஊசியால் பிணைக்க வேண்டியிருப்பதால், பதக்கத்தின் பின்புறம் ஊசி நுழைய ஒரு வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இத்தகைய கோயில் நகைகளுக்கு நாகர்கோவிலை அடுத்த வடசேரி பெயர் பெற்றது. அங்கே வெள்ளியில் கூடு செய்து, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்புக் கற்களை வைத்து, விளிம்பில் தங்க இதழை அழுத்தி மூடும் வேலை தலைமுறைகளாக நடந்துவருகிறது. நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கையால் செய்தது என்பதை முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் தெளிவாகச் சொல்லும். கைவேலையில் இரு மாங்காய்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. கல்லைச் சுற்றியுள்ள விளிம்பின் அகலம் கல்லுக்குக் கல் சிறிதே மாறும். வார்ப்பில் எடுத்தவை எல்லாம் ஒரே முகமாக இருக்கும். வார்ப்பு மட்டம் என்று சொல்ல வரவில்லை. கைவேலைக்கான விலையை வார்ப்புக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதே கருத்து.

முகப்புச் சங்கிலியில் இரண்டு அல்லது மூன்று வடங்களை ஒரு பக்கத்தில் முகப்பு எனும் வேலைப்பாடுள்ள தகடு ஒன்று பிணைத்து நிறுத்தும். வடங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் காப்பதே அதன் வேலை என்பதால், முகப்பில் வடங்கள் பற்றவைக்கப்பட்ட இடங்கள் உறுதியாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழர்களின் தாலிக்கொடி இவை எல்லாவற்றிலும் கனமானது. அதைத் தமிழ்நாட்டுத் தாலிச் சங்கிலியின் அளவில் நினைத்துக்கொண்டு ஆர்டர் கொடுக்கக் கூடாது. அணியப்போகும் குடும்பத்தாரிடம் பவுனையும் நீளத்தையும் கேட்டே செய்யச் சொல்ல வேண்டும்.

எந்தப் பொருளில் வாங்குவது

சுத்தத் தங்கம் மிக மென்மையானது. அதில் செய்த சங்கிலி வளைந்து நீண்டுவிடும். எனவே 22 காரட்டில், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் இருக்கும்படி, செம்பும் வெள்ளியும் கலந்து செய்கிறார்கள். வைரமும் விலை உயர்ந்த கற்களும் பதிப்பவை பெரும்பாலும் 18 காரட்டில், அதாவது 750 பங்கில், வருகின்றன. கல்லைப் பிடிக்கும் கால்களுக்கு அந்தக் கடினம் தேவை. வைர நெக்லஸைப் பொறுத்தவரை கல்லுக்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமா, மண்ணில் எடுத்ததா என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருப்பதால் அதை வாய்ச்சொல்லில் விட்டுவிட முடியாது.

கெம்பு நகை வாங்குபவர்கள் கல்லின் சிவப்பில் மயங்கிவிடுவது இயல்பு. தங்கத்தில் பதித்தாலும் அந்தக் கல் செயற்கை மாணிக்கமாகவோ வெறும் கண்ணாடியாகவோ இருக்கலாம். எது என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்புறம் மூடிய கட்டில், கல்லுக்கு அடியில் பளபளப்புக்காகத் தகடு வைத்திருப்பார்கள். அதற்குள் தண்ணீர் போனால் தகடு கறுத்துக் கல் மங்கிவிடும். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: பட்டுப் புடவையின் முந்தானையை எடுத்து நகையின் முகத்தின் மேல் மெதுவாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இழை எங்கேயாவது மாட்டினால் அங்கே கல்லின் விளிம்பு சரியாக மூடப்படவில்லை. அந்தக் கல் முதலில் உதிரும். அதுவரை ஒவ்வொரு புடவையையும் கிழிக்கும்.

முத்தில், "தூத்துக்குடி முத்து" என்று சொல்லி விற்பதை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் கொற்கைக் காலத்திலிருந்து நடந்த முத்துக்குளிப்பு 1960களின் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. இன்று கடைகளில் கிடைக்கும் முத்துகள் ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள். அவற்றிலும் நன்னீரில் வளர்த்தவையே மிகுதி. வளர்ப்பு முத்தும் சிப்பியின் வயிற்றில் உருவான உண்மையான முத்துதான். போலி என்பது கண்ணாடி, பிளாஸ்டிக் மணிகளின் மேல் பூச்சுப் பூசியது. முன்பல்லின் விளிம்பில் லேசாக உரசினால் முத்து நுண்ணிய மணல்போல் நெருடும், போலி வழுவழுவென்று நழுவும். துளையை வெளிச்சத்தில் பார்த்தால் போலியில் பூச்சு உரிந்த விளிம்பு தெரியும். நல்ல முத்து மாலையில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே பட்டு நூலில் முடிச்சு இருக்கும். நூல் அறுந்தால் ஒரு முத்துதான் விழும். முத்தும் முத்தும் உராய்ந்து தேய்வதும் இல்லை. முடிச்சில்லாத மாலையை வாங்க நேர்ந்தால், அணியத் தொடங்குமுன் முடிச்சிட்டுக் கோத்துத் தரச் சொல்லுங்கள்.

நகைக்குரிய சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. சாயம் ஏற்றிய மட்டமான பவளமும் கண்ணாடியும் அதன் பெயரில் விற்பனையாகின்றன. எல்லா மணிகளும் ஒரே நிறத்தில், ஒரு கோடோ புள்ளியோ இல்லாமல், விலையும் மலிவாக இருந்தால் ஐயப்பட வேண்டும். துளையைச் சுற்றி நிறம் திட்டாகத் தேங்கியிருந்தால் அது சாயம். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை என்பதால் வியர்வை, எலுமிச்சை, வாசனைத் திரவியம் எல்லாம் அவற்றின் மேற்பரப்பை அரித்துவிடும். அன்றாடம் அணிய இவற்றை வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை.

வெள்ளியில் 925 முத்திரை உள்ளதைப் பாருங்கள். கறுப்பது வெள்ளியின் குணம், அதனால் தரம் குறைவு என்று கொள்ள வேண்டாம். செம்பு, பித்தளையின் மேல் மெல்லிய தங்க முலாம் பூசிய கவரிங் நகைகளுக்குச் சிதம்பரம் பெயர்போனது. அவை எத்தனை காலம் நிறம் மாறாமல் இருக்கும் என்பது முலாமின் கனத்தையும் அணிபவரின் வியர்வையையும் பொறுத்தது. முலாமுக்கு அடியில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் கழுத்தில் அரிப்பும் தடிப்பும் வரும். அப்படி வந்தால் நகையின் உட்புறத்துக்கு நகப்பூச்சு தடவிச் சமாளிப்பதைவிட அதை விட்டுவிடுவதே உடலுக்கு நல்லது.

பின்பக்கத்தைப் பாருங்கள்

ஒரு நகையை முன்பக்கம் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது பின்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். சங்கிலி அறுவது நடுவில் அல்ல. கொக்கியை அடுத்த கடைசி வளையத்தில், அல்லது டாலர் தொங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தேய்ந்து அறும். கடைசி வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து, அதன் வாய் பற்றவைத்து மூடப்பட்டிருக்கிறதா, வெறுமனே அழுத்தி மூடியதா என்று பாருங்கள். மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் அங்கே பற்று இல்லை. கனமான நகையில் அது திறந்துகொள்ளும். கொக்கியைக் கடைக்காரரின் உதவியில்லாமல் நீங்களே உங்கள் கழுத்துக்குப் பின்னால் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். திருகாணி உறுதியானது, ஆனால் திருக நேரமாகும். எஸ் வடிவக் கொக்கி எளிதானது, ஆனால் நாளடைவில் வாய் விரியும். தினமும் அணியும் சங்கிலியில் எஸ் கொக்கி இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை இறுக்கித் தரச் சொல்ல வேண்டும்.

சங்கிலி கட்டியானதா, உள்ளே கூடானதா என்று கேளுங்கள். பருமனாகத் தெரிந்தும் கையில் எடுத்தால் எடையே இல்லாதது கூடு. அது விழாவுக்கு அணிய ஏற்றது. ஆனால் நசுங்கினால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது கடினம், தேய்ந்து ஓட்டை விழுந்தால் பற்றவைப்பதும் எளிதல்ல. அன்றாடத்துக்குக் கட்டிச் சங்கிலியே வேண்டும். 20 அங்குலச் சங்கிலி ஒரு பவுனுக்குக் குறைவாக இருந்தால் அதில் கனமான டாலரைக் கோக்கக் கூடாது. டாலரின் எடை சங்கிலியின் எடையில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் வளையம் தேய்வது குறையும். கைக்குழந்தைகளுக்குச் சங்கிலி அணிவித்தால் தூங்கவைக்குமுன் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

ஆரங்களில் கழுத்துக்குப் பின்னால் போகும் பகுதியில் வேலைப்பாடு தேவையில்லை. முடியும் முந்தானையும் அதை மறைத்துவிடும். முன்பக்கம் வேலைப்பாடும் பின்பக்கம் பட்டையான வெறும் சங்கிலியுமாக உள்ள ஆரம் எடையிலும் கூலியிலும் மிச்சப்படுத்தும், முடியும் சிக்காது. ஐந்து பவுனுக்கு மேற்பட்ட நகையை மெல்லிய ஒற்றைக் கம்பி பிடரியில் தாங்கினால் ஒரு மணி நேரத்தில் சருமம் சிவந்துவிடும் என்பதால், அந்தப் பட்டை அகலமாக இருப்பது முக்கியம்.

முத்திரையும் பில்லும்

இந்தியாவில் 2021 ஜூன் 23 முதல் தங்க நகைகளுக்கு, தூய்மையைச் சோதித்து இடும் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், தூய்மையைக் குறிக்கும் எண், இந்தக் குறியீடு ஆகிய மூன்றும் நகையில் இருக்க வேண்டும். சங்கிலியில் அவை கொக்கிக்கு அருகிலுள்ள சிறு தகட்டில் இருக்கும், கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியைத் திறந்து குறியீட்டைப் பதிந்தால் தூய்மை, முத்திரையிட்ட மையம், நகையின் வகை ஆகியவை தெரியும். கையில் இருப்பது நெக்லஸாக இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் அந்த நகையை வாங்க வேண்டாம். 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும், கல் பதிக்கும் வடநாட்டு முறைகளான குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கும் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால் அவற்றை வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. முத்திரையிட்ட நகையில் தூய்மை குறைந்திருப்பது நிரூபணமானால், குறைந்த தொகையின் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதிகள் கூறுகின்றன, பில் இல்லாமல் இந்த உரிமையைக் கோர முடியாது.

கேடிஎம் என்ற சொல் தூய்மைக்கான அரசு முத்திரை அன்று. காட்மியம் கலந்து பற்றவைக்கும் முறையை அது குறிக்கிறது. அதன் புகை பொற்கொல்லர்களின் நுரையீரலைக் கெடுப்பது. காந்தத்தை வைத்துப் பார்ப்பதிலும் பெரிய பயன் இல்லை, ஏனெனில் செம்பும் பித்தளையும் வெள்ளியும்கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை. தூய்மையை அளக்கும் கருவியான காரட் மீட்டர் நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: மொத்த எடை 24 கிராம் உள்ள கெம்பு நெக்லஸில் கல்லும் அரக்கும் 2.400 கிராம் என்றால் தங்கம் 21.600 கிராம். கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்றும் சேதாரம் 15 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், சேதாரம் 3.240 கிராம், ஆக 24.840 கிராமுக்கு 2,48,400 ரூபாய். கற்களுக்குத் தனியே 3,000 ரூபாய் சேர்த்து, 3 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 2,58,942 ரூபாய் வரும். கல் எடையைக் கழிக்காமல் 24 கிராமுக்கும் தங்க விலையும் சேதாரமும் போட்டால், தங்கத்துக்கான தொகை மட்டும் 2,76,000 ரூபாய் ஆகிவிடும். 27,600 ரூபாய் கல்லுக்கும் அரக்குக்கும் தங்க விலையாகப் போய்விடுகிறது. அடகு வைக்கும்போதோ மாற்றும்போதோ கல்லை யாரும் தங்கமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சேதாரம், செய்கூலி இரண்டும் கடைக்குக் கடை மாறுபவை, பேசிக் குறைக்கக்கூடியவை. வெறும் சங்கிலிக்குக் குறைவாகவும் நகாசு வேலைக்கு அதிகமாகவும் இருப்பது முறைதான். ஆனால் ஒரே நகைக்குச் சேதாரமும் அதிகம், செய்கூலியும் தனி என்றால் காரணம் கேட்க வேண்டும்.

பராமரிப்பு

கல் இல்லாத தங்கச் சங்கிலியை பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான நீரிலோ மிதமான சோப்புத் தண்ணீரிலோ சிறிது நேரம் போட்டு, மென்மையான பிரஷால் வளையங்களின் இடுக்கைத் தேய்த்துக் கழுவி, துணியில் ஒற்றி உலர்த்தினால் போதும். அரக்கு வைத்த கெம்பு நகைகளைத் தண்ணீரில் போடவே கூடாது. வெந்நீர் அரக்கை இளக்கும், எந்த நீரும் கல்லுக்கு அடியிலுள்ள தகட்டைக் கறுக்கச் செய்யும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, இடுக்குகளுக்கு உலர்ந்த பிரஷைப் பயன்படுத்துங்கள். முத்து, பவள மாலைகளை அணிந்து கழற்றிய உடன் ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, நூல் காயும்வரை படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். ஈரத்தோடு தொங்கவிட்டால் நூல் நீண்டு முடிச்சுகளுக்கு நடுவே இடைவெளி விழும். அடிக்கடி அணிபவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நூலை மாற்றிக் கோத்துக்கொள்ளலாம்.

ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு வைத்தால் வைரம் தங்கத்தையும் முத்தையும் கீறும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி, சங்கிலிகளைக் கொக்கி மாட்டிய நிலையில் நீளவாட்டில் வையுங்கள். முத்தை மட்டும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் நெடுங்காலம் அடைத்து வைக்க வேண்டாம்.

நகையைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் உங்கள் கண்ணெதிரே எடைபோட்டு, கல் எண்ணிக்கையோடு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, எச்.யு.ஐ.டி. குறியீடு தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். திரும்ப வாங்கும்போது மறுபடி எடைபோடச் சொல்லுங்கள். பற்றவைத்ததால் எடை சிறிது கூடியிருக்கலாம். குறைந்திருந்தால் காரணத்தை அங்கேயே, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்.